ரப்பர் முறுக்கில் சிறகடித்த பறவை

நேற்று சாயங்காலம் அது பறந்தது. ஒன்பது வினாடி. கையை விட்டதும் சட்டென்று ஒரு முழம் தாழ்ந்து, பிறகு சிறகடித்து மேலே ஏறி, இடப்பக்கமாக ஒரு அரைவட்டம் போட்டு, கூடத்தின் மறுகோடியில் தரையைத் தொட்டு நின்றது. ஏழு வாரமாகச் செய்வதும் உடைப்பதுமாக இருந்த எனக்கு அந்த ஒன்பது வினாடி போதவில்லை. ஓடிப் போய் எடுத்து மறுபடி முறுக்கினேன். இரண்டாவது முறை பன்னிரண்டு. அளவுகள் எல்லாம் மனதில் இருக்கும்போதே எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

செய்தது ஒரு ஆர்னிதாப்டர். விசிறி சுழன்று இழுக்கும் விமானம் அல்ல. பறவையைப் போலச் சிறகை மேலும் கீழும் அடித்தே பறக்கும் பொறி. சிறகு விரிப்பு 40 செ.மீ., மொத்த எடை 8.7 கிராம். மோட்டார், பேட்டரி எதுவும் கிடையாது. முறுக்கிய ரப்பர்தான் எஞ்சின். இது பழைய வழி. பிரான்சில் அல்போன்ஸ் பெனோ என்பவர் 1871 ஆகஸ்ட் 18 அன்று பாரிஸின் துய்லரி தோட்டத்தில் முறுக்கிய ரப்பரால் விசிறி சுழலும் சிறு விமானம் ஒன்றைப் பறக்கவிட்டார். 11 வினாடியில் சுமார் 40 மீட்டர் போனது அது. ரப்பரை நீட்டி இழுத்தால் ஒரே வெட்டில் விசை தீர்ந்துவிடும். முறுக்கினால் அதே ரப்பர் நிதானமாகச் சுழற்சியைத் தரும். அந்தச் சுழற்சியை ஒரு கிராங்க் (அச்சிலிருந்து விலகி வளைந்த கம்பி) வழியாக மேல்கீழ் ஆட்டமாக மாற்றினால் சிறகடிப்பு கிடைக்கும். எழுதும்போது ஒரே வரியில் முடிந்துவிடுகிறது.

முதலில் உடம்பு. 28 செ.மீ. நீளமுள்ள பால்சா (மிக லேசான மரம்) குச்சி, 3க்கு 6 மி.மீ. எடை 0.8 கிராம். முன்நுனியில் கிராங்கைத் தாங்கும் பித்தளைக் குழாய், பின்பக்கம் ரப்பர் மாட்ட ஒரு கொக்கி, நடுவில் 20 செ.மீ. இடைவெளி. கிராங்க் அச்சுக்கு 38 மி.மீ. மேலே, நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 3 மி.மீ. தள்ளி, இரண்டு சிறகுகளுக்கும் கீல். கீலுக்கு 0.8 மி.மீ. எஃகுக் கம்பியும் அதன்மேல் 12 மி.மீ. நீளத்துக்கு வெட்டிய பித்தளைக் குழாயும். சிறகுக் குச்சியை அந்தக் குழாயோடு நூலால் நெருக்கமாகச் சுற்றி, மேலே சூப்பர் க்ளூ ஒரு சொட்டு.

அந்த ஒரு சொட்டில் முதல் நாள் முழுக்கப் போனது. பசை நூல் வழியாக ஊர்ந்து குழாய்க்குள் இறங்கி, கம்பியையும் குழாயையும் ஒன்றாக ஒட்டிவிட்டது. அறுத்தெடுத்துவிட்டு மறுபடி செய்தேன். இப்போதெல்லாம் ஒட்டுவதற்கு முன் கம்பியில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து, குழாயின் இரு முனையிலும் கொஞ்சம் மெழுகு அடைத்துவிடுகிறேன். ஒட்டிக் காய்ந்த பிறகு இரண்டு முறை ஆட்டினால் மெழுகு உதிர்ந்து கீல் தானாக ஆடும்.

சிறகுக் குச்சிக்கு முதலில் எடுத்தது 3 மி.மீ. கனமுள்ள மூங்கில் குச்சிகள். கையில் இருந்தன, நேராக இருந்தன, அவ்வளவுதான் காரணம். சிறகுப் படலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பையை வெட்டிக்கொண்டேன். கிராங்கின் ஆரம் 12 மி.மீ. என்று வைத்தேன். சிறகு எவ்வளவு அகலமாக அடிக்கிறதோ அவ்வளவு நல்லது என்று அப்போது நினைத்தேன். ரப்பரை மாட்டி ஐம்பது சுற்று முறுக்கி விட்டதும் சிறகு பாதி கீழே வந்து நின்றுவிட்டது. விரலால் தள்ளினால் ஒரு அடி அடித்து மறுபடி அதே இடத்தில் நிற்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் சிறகு மொத்தம் 90 டிகிரிக்கும் மேல் அடிக்கும்படி வளைத்திருக்கிறேன். அவ்வளவு பெரிய கிராங்கைச் சுழற்ற அந்த ரப்பருக்குத் திராணி இல்லை. ஆரத்தை 8 மி.மீ. ஆகக் குறைத்தேன். அடிப்பு மொத்தம் 60 டிகிரிக்குப் பக்கத்தில் வந்தது. சிறகு நிற்காமல் அடிக்கத் தொடங்கியது.

கையில் பிடித்திருக்கும்போது அழகாக அடித்தது. விட்டதும் வலப்பக்கம் சரிந்து விழுந்தது. பத்து முறை விட்டேன், பத்து முறையும் வலப்பக்கம்தான். வாலைத் திருப்பிப் பார்த்தேன், இடச்சிறகின் நுனியில் களிமண் ஒட்டிப் பார்த்தேன், வலச்சிறகைக் கழற்றி மறுபடி மாட்டினேன். ஒரு வாரம் இப்படியே போனது. எதையும் அளக்காமல் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனதுதான் அந்த வாரத்தின் தப்பு.

கடைசியில் போனில் மெதுவாக ஓடும் வீடியோ எடுத்தேன், வினாடிக்கு 240 படம் பதிவது. ஒரு முழு அடிப்புக்கு ஏறத்தாழ 40 படம், அதாவது வினாடிக்கு 6 அடிப்பு. ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது: ஒரு சிறகு உச்சிக்குப் போய் ஏழு படம் கழித்துத்தான் மற்றது உச்சிக்குப் போகிறது. கண்ணுக்கு இரண்டும் சேர்ந்து அடிப்பதுபோல்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு அடிப்பிலும் ஒரு பக்கம் முந்திக்கொண்டு, உடம்பைப் புரட்டித் தள்ளியிருக்கிறது.

காரணம் கிராங்க். கிராங்கிலிருந்து சிறகுக்கு ஆட்டத்தைக் கொண்டுபோகும் இணைப்புக் கம்பிகள் இரண்டையும் ஒரே வளைவில் மாட்டியிருந்தேன். வலக்கம்பி வலப்பக்கம் சாய்ந்து மேலே போகிறது, இடக்கம்பி இடப்பக்கம் சாய்ந்து போகிறது. கிராங்கின் வளைவு வலப்பக்கம் சாய்ந்திருக்கும் நேரத்தில் வலச்சிறகு உச்சியில் இருக்கும்; இடப்பக்கம் வரும்போதுதான் இடச்சிறகு உச்சிக்குப் போகும். எப்போதும் ஒன்று முந்தியும் ஒன்று பிந்தியும்தான் ஓடும். எவ்வளவு நேர்த்தியாக வளைத்தாலும் இது மாறாது. தீர்வு, ஒவ்வொரு சிறகுக்கும் தனி வளைவு, இரண்டுக்கும் இடையே ஒரு கோணம்.

அந்தக் கோணம் எவ்வளவு என்று கட்டத்தாளில் முன்பக்கத் தோற்றத்தை முழு அளவில் வரைந்து பாகைமானியால் அளந்தேன். கிராங்க் அச்சிலிருந்து இரு இணைப்புக் கம்பிகளும் விலகிப் போகும் கோணம் 60 டிகிரி. கிராங்கின் இரண்டு வளைவுகளுக்கும் இடையே அதே 60 டிகிரி வேண்டும். இது எனக்குப் பெரிய வசதியாகப் போனது. ஆரம் 8 மி.மீ., கோணம் 60 என்றால் அச்சும் இரண்டு வளைவுகளும் சேர்ந்து ஒரு சமபக்க முக்கோணம். அச்சிலிருந்து முதல் வளைவுக்கு 8, அங்கிருந்து இரண்டாவதுக்கும் அதே 8. தாளில் 8 மி.மீ. முக்கோணம் ஒன்று வரைந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வளைப்புக்குப் பிறகும் கம்பியை அதன் மேல் நிறுத்தி மேலிருந்து பார்த்தால் போதும்.

பார்த்தால் போதும் என்றாலும் ஐந்து கிராங்க் வளைத்தேன். எஃகுக் கம்பி விட்டதும் கொஞ்சம் திரும்பி நிமிரும், அதனால் ஒவ்வொரு மடிப்பையும் தேவைக்கு மேல் ஐந்தாறு டிகிரி மடிக்க வேண்டும். ஒரு முறை மடித்த இடத்தை நிமிர்த்தி மறுபடி மடித்தால் அங்கேயே ஒடியும். முதலிரண்டும் அப்படித்தான் போயின. மூன்றாவது கச்சிதமாக வந்தது. ஆனால் இரு முனையையும் வளைத்து முடித்த பிறகுதான், தாங்கும் பித்தளைக் குழாயையும் உராய்வு குறைக்கும் பாசிமணிகளையும் கோர்க்கவில்லை என்று கவனித்தேன். வளைத்த கம்பியில் இனி எதுவும் ஏறாது. நான்காவதில் முதலில் கிராங்க் வளைவு, பிறகு இரண்டு மணி, பிறகு குழாய், கடைசியில்தான் ரப்பர் கொக்கி என்று வரிசையை எழுதி எதிரில் ஒட்டிக்கொண்டு செய்தேன். கொக்கி முழு வட்டமாக வரவில்லை, ரப்பர் ஒரு பக்கம் ஏறியது. ஐந்தாவதுதான் இப்போது பறப்பது. கொக்கியின் மேல் மின்கம்பியிலிருந்து உருவிய பிளாஸ்டிக் உறை ஒரு துண்டு மாட்டியிருக்கிறேன், கம்பி ரப்பரை அறுக்காமல் இருக்க.

மூக்குக் குறடு நல்லதாக வேண்டும். என்னிடம் இருந்த பழையதன் நுனி அகலம், 8 மி.மீ. இடைவெளிக்குள் அது நுழையவே இல்லை. இந்த வேலையில் நான் புதிதாக வாங்கியதில் காசுக்குத் தகுந்த பொருள் ஒன்று உண்டென்றால் அந்தச் சிறு குறடுதான்.

இணைப்புக் கம்பி என்று சொல்கிறேனே தவிர, அது கம்பி அல்ல. தடித்த பிளாஸ்டிக் மூடியிலிருந்து வெட்டிய 4 மி.மீ. அகலப் பட்டை. சூடான ஊசியால் துளையிட்டபோது துளை பெரிதாகி லொடலொடவென்று ஆடியது, 0.9 மி.மீ. துளைப்பூசியால் கையாலேயே திருகித் துளைத்ததும் சரியாயிற்று. இரு துளைகளுக்கும் இடையே முதலில் 44 மி.மீ., அதாவது சிறகு கிடைநிலைக்கு மேலும் கீழும் சமமாக அடிக்கும். பிறகு 47 ஆக்கினேன். இப்போது மேலே 40 டிகிரி, கீழே 20. சிறகு சராசரியாக மேல்நோக்கி இருப்பதால் காற்றில் சாயும்போது தானாக நிமிர்கிறது.

இதற்கிடையில் எடை. 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசில் முதல் வடிவத்தைப் பிரித்து நிறுத்தேன். மூங்கில் குச்சிகள் இரண்டும் சேர்ந்து 2 கிராம். சிறகுப் படலம் 1.5 கிராம். கொஞ்சம் அதிர்ச்சியாகத்தான் இருந்தது, பை அவ்வளவு லேசாகத் தெரிந்தது. மூங்கிலுக்குப் பதில் 1.5 மி.மீ. கார்பன் கம்பி, இரண்டும் சேர்ந்து 1.15. படலத்துக்குக் கசங்கினால் சலசலக்கிற மிக மெல்லிய வகைப் பை, 0.4 கிராமுக்கும் குறைவு. நாலு மடங்கு வித்தியாசம், அதுவும் வேகமாக ஆடுகிற இடத்தில். உடம்புக் குச்சியில் மட்டும் எடையைக் கூட்ட வேண்டியிருந்தது. முழு முறுக்கில் ரப்பர் இழுத்த இழுப்பில் 3க்கு 6 பால்சா வில்லாக வளைந்து, கிராங்க் குழாய் கோணலாகி இறுகியது. 4க்கு 7 ஆக்கி, அடியில் 1 மி.மீ. கார்பன் கம்பி ஒன்றை நீளவாக்கில் ஒட்டினேன். வளைவு நின்றது.

ரப்பர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 3 மி.மீ. அகலம், 1 மி.மீ. கனமுள்ள பட்டை ரப்பர், 88 செ.மீ. வெட்டி, முனைகளை முடிந்து, நாலு இழையாக மடித்து மாட்டியிருக்கிறேன். 2.6 கிராம். இழைகள் ஒன்றோடொன்று உரசாமல் இருக்க ஏதாவது தடவ வேண்டும் என்று தெரியும். கைக்குக் கிடைத்தது தையல் மெஷின் எண்ணெய். தடவின அன்று வழுவழுவென்று அருமையாக முறுக்கியது. இரண்டு நாள் கழித்துத் தொட்டால் ரப்பர் உப்பி, கொழகொழவென்று இருந்தது. எண்பதாவது சுற்றில் அறுந்து, அறுந்த முனை வலச்சிறகின் படலத்தைக் கிழித்துக்கொண்டு போனது. இயற்கை ரப்பருக்குக் கனிம எண்ணெய் ஆகாது. அதை உறிஞ்சி உப்பிவிடும். அப்புறம் சிலிகோன் எண்ணெய்க்கு மாறினேன். நாலு சொட்டு விட்டு, ஒரு சின்னப் பைக்குள் ரப்பரைப் போட்டுக் கசக்கினால் எல்லா இடத்திலும் பரவுகிறது. பறக்கவிடாத நேரத்தில் கழற்றி, வெயில் படாத இருட்டான டப்பாவில் வைக்கிறேன்.

முறுக்குவதற்குக் கையால் சுற்றும் டிரில், முனையில் கொக்கி. கைப்பிடி ஒரு சுற்றுக்குக் கொக்கி நாலு சுற்று. ரப்பரின் முன்பக்கத்தைக் கிராங்கிலிருந்து கழற்றி டிரிலில் மாட்டி, மூன்றரை மடங்கு நீளத்துக்கு இழுத்து வைத்துக்கொண்டு, பாதிச் சுற்று வரை நின்ற இடத்திலேயே முறுக்கி, மீதியை மெல்ல முன்னால் நடந்துவந்து கொண்டே முறுக்க வேண்டும். இழுக்காமல் முறுக்கியபோது நூறு சுற்றிலேயே முடிச்சு முடிச்சாகத் திரண்டு பயமுறுத்தியது. இழுத்து முறுக்கினால் 140 சுற்று நிம்மதியாக ஏறுகிறது. பின்கொக்கியைப் பிடித்துக்கொள்ள இன்னொருவர் இருந்தால் நல்லது. தனியாகச் செய்யும்போது பலகையில் அறைந்த ஒரு ஆணி அந்த வேலையைச் செய்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டுதான் முறுக்குகிறேன்.

இத்தனைக்கும் பிறகு என்ன ஆயிற்று என்றால், பறவை லேசாகிவிட்டது, இரு சிறகும் ஒன்றாக அடிக்கிறது, முறுக்கு நிறைய ஏறுகிறது, ஆனால் பறக்கவில்லை. விட்ட இடத்திலேயே நின்று படபடவென்று அடித்துக்கொண்டு நேராகக் கீழே இறங்கியது. முன்னால் ஒரு அடிகூட நகரவில்லை. ஐந்தாவது வாரம் இது. எதைத் தொடுவது என்றே தெரியவில்லை. நாலு நாள் அதை எடுக்காமல் விட்டுவிட்டேன்.

நாலாம் நாள் மாடியில் புறாக்கள் கிளம்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிளம்புகிற புறாவையும் அதே மெதுவான வீடியோவில் எடுத்துப் பார்த்தேன். சிறகு கீழே வரும்போது முன்விளிம்பு தாழ்ந்து, பின்விளிம்பு மேலே திரும்பி நிற்கிறது. சிறகு முழுதும் முறுக்கிக்கொள்கிறது. அப்படித் திரும்புவதால்தான் காற்று கீழே மட்டும் போகாமல் பின்னாலும் தள்ளப்படுகிறது. என் சிறகிலோ படலத்தை முரசுத்தோல்போல விறைப்பாக இழுத்து ஒட்டியிருந்தேன். சுருக்கமே இல்லாமல், பார்க்க அழகாக. பின்விளிம்பு அசைய இடமே இல்லை. அது பலகையைப்போலக் காற்றை மேலும் கீழும் அறைந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். ஐந்து வாரமாக எல்லாவற்றையும் விறைப்பாக்கிக்கொண்டே வந்தவன், சிறகையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டேன்.

படலத்தைப் பிய்த்துப் புதிதாக வெட்டினேன். சிறகுக் குச்சிக்கும் உடம்புக்கும் இடையே இருப்பது 90 டிகிரி. படலத்தை அந்தக் கோணத்துக்கு வெட்டாமல் 98 டிகிரிக்கு வெட்டினேன், ஒவ்வொரு பக்கமும் எட்டு டிகிரி மிச்சம். உடம்போடு ஒட்டுமிடத்தில் அகலம் 14 செ.மீ. ஒட்டிய பிறகு படலம் தொளதொளவென்று தொங்குகிறது. மேலே தூக்கிக் கீழே விட்டால் வௌவால் சிறகுபோலக் குழிந்து உப்புகிறது. முதல் முயற்சியில் தொளதொளப்பு கூடிப்போய், பின்விளிம்பு கொடிபோலப் படபடத்தது, ஓசைதான் வந்தது. அதனால் உடம்பின் பின்பக்கத்திலிருந்து சிறகுக் குச்சியின் முக்கால் தூரம் நோக்கிக் குறுக்காக ஒரு 0.5 மி.மீ. கார்பன் கம்பியைப் படலத்தின் மேல் ஒட்டினேன். குச்சியோடு அதைக் கட்டவில்லை, 5 மி.மீ. முன்னாலேயே நிறுத்திவிட்டேன். அந்தக் கம்பிக்கு உட்பக்கம் படலம் நிலையாக நின்று தூக்குகிறது, வெளிப்பக்கம் வளைந்து தள்ளுகிறது. ஒட்டுவதற்கு மெல்லிய இருபக்க டேப். சூப்பர் க்ளூ இந்தப் படலத்தில் சரியாகப் பிடிப்பதில்லை, பிடித்த இடமும் விறைத்துப் போகிறது.

கையில் பிடித்து முறுக்கை விட்டபோதே வித்தியாசம் தெரிந்தது. முன்பு கையில் வெறும் அதிர்வு இருந்தது. இப்போது விரலை முன்னால் இழுத்தது.

மிச்சம் சமன் செய்வதுதான். எடைமையம் சிறகுக் குச்சிக்கு 4 செ.மீ. பின்னால் வரும்படி பின்கொக்கியைக் கொஞ்சம் நகர்த்தினேன். வால், 10 செ.மீ. நீளமுள்ள முக்கோணம், 0.4 கிராம், வளைத்தால் வளைந்த இடத்தில் நிற்கிற அலுமினியக் கம்பியில் மாட்டியிருக்கிறேன், அதனால் பறவையைக் கீழே வைக்காமலே திருத்தலாம். நாற்பது சுற்று முறுக்கில் வால் 10 டிகிரி மேலே, மூக்கு குத்தி விழுந்தது. 25 டிகிரி, மூக்கைத் தூக்கித் தொங்கிக்கொண்டு நின்று பின்பக்கமாக விழுந்தது. 18 டிகிரியில் சமமாக இறங்கியது. எண்பது சுற்றில் உயரம் குறையாமல் நாலு வினாடி. அப்புறம்தான் 140 சுற்று, அந்த ஒன்பது வினாடி. வாலை இடப்பக்கம் கொஞ்சம் சாய்த்திருப்பதால் வட்டமிடுகிறது. சுவர் இருக்கும் இடத்தில் அது அவசியம். இன்னொன்று, பறவையை எறியக்கூடாது. சிறகடிப்பு தொடங்கி அரை வினாடி போகவிட்டு, மூக்கைச் சற்று உயர்த்திப் பிடித்து, நடக்கிற வேகத்தில் கையை முன்னால் கொண்டுபோய்ச் சும்மா விட்டுவிட வேண்டும். எறிந்தபோதெல்லாம் சிறகு பின்னால் மடிந்து விழுந்தது.

ஏழு வாரத்தில் போன பொருள்: ஐந்து கிராங்க் கம்பி, மூன்று ஜோடிச் சிறகுப் படலம், இரண்டு உடம்புக் குச்சி, ரப்பர் ஆறு மீட்டருக்குக் கிட்ட. கார்பன் கம்பியையும் அந்தக் குறடையும் தவிர எல்லாமே சில்லறைச் செலவுதான். நேரம் தான் அதிகம் போனது.

அடுத்ததைச் செய்யும்போது முதல் நாளே முன்பக்கத் தோற்றத்தை வரைந்து கோணத்தை அளந்துவிட்டுத்தான் கம்பியைத் தொடுவேன். கிராங்குக்கு முன்பே சிறகுப் படலத்தை 94, 98, 102 டிகிரி என்று மூன்று விதமாக வெட்டி, ஒவ்வொன்றையும் கையில் பிடித்து எது அதிகமாக இழுக்கிறது என்று பார்ப்பேன். முழு முறுக்கு ஏற்றும் முன் படலத்தை மடித்து ஒரு பட்டையால் கட்டிவிட வேண்டும், ரப்பர் அறுந்தாலும் சிறகு தப்பும். இன்னொரு யோசனையும் இருக்கிறது. வீடியோவில் பார்த்தால் சிறகு மேலே போகும்போது கிராங்க் விரைந்து ஓடுகிறது, கீழே அடிக்கும்போது திணறுகிறது. சுமை முழுக்கக் கீழடிப்பில்தான். பறவைகளுக்கும் சிறகைக் கீழே இழுக்கும் மார்புத் தசைதான் பெரிது, மேலே தூக்கும் தசை அதைவிட மிகச் சிறிது. சிறகுக் குச்சிகளிலிருந்து உடம்புக்கு ஒரு மெல்லிய ரப்பர் இழையைக் கட்டி, மேலே போகும்போது அது இழுபட்டுக் கீழே வரும்போது கைகொடுக்கும்படி செய்தால் கிராங்க் சீராக ஓடும் என்று தோன்றுகிறது. இழைக்கு 1 மி.மீ. ரப்பர் வெட்டி வைத்திருக்கிறேன். சிறகுக் குச்சியில் எந்த இடத்தில் கட்டுவது என்பதுதான் பாக்கி. கீலிலிருந்து 10 மி.மீ. என்று தொடங்கப் போகிறேன்.